இரண்டடிக் கேபினெட்

கை நீளத்துக்கு இரண்டு இரும்புப் பட்டைகள், கடையில் தொங்கியவற்றிலிருந்து நானே எடுத்தவை. ஒன்றை வலக்கையிலும் மற்றொன்றை இடக்கையிலும் பிடித்துக்கொண்டு தாராவியில் பழைய இரும்பு விற்கும் அண்ணாச்சியின் கடைவாசலில் நின்ற அந்த முற்பகல் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன், ஒன்றுக்கொன்று ஜோடி சேர்வதாக இல்லை. "ரெண்டும் எடதுப் பக்கத்து ரெயிலு தங்கச்சி" என்றார் அண்ணாச்சி, சிரிக்காமல். சிரித்திருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். சர்வர் என்ற பெரிய கம்ப்யூட்டரை இரும்புக் கேபினெட்டுக்குள் தாங்கிப் பிடிக்கும் பட்டைக்கு ரெயில் என்று பெயர் என்பதே எனக்கு அதற்கு முந்தைய வாரம்தான் தெரியும். அதில் இடது வலது வேறு உண்டா என்று விழித்தேன்.

நான் செம்பூரில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கிறேன். ரிப்போர்ட் அடித்துக் கொடுப்பது என் வேலை. ஒருமுறை பிரிண்டரில் சிக்கிய காகிதத்தை எடுத்துவிட்டேன். அன்றிலிருந்து கம்ப்யூட்டர் என்றாலே என்னைக் கூப்பிடுவார்கள். தெரியாது என்று சொல்லியிருக்கலாம். சொல்ல மனம் வரவில்லை. கோவண்டிக் குடிசைப்பகுதியிலிருந்து வரும் ஒருத்தியை எல்லோரும் விஷயம் தெரிந்தவளாக நினைத்தது எனக்குப் பிடித்திருந்தது, அதுதான் உண்மை.

நிலையம் தரைத்தளத்தில் இருக்கிறது. மழைக்காலத்தில் ஒரு நாளாவது தண்ணீர் உள்ளே வந்துவிடும். முந்தைய வருடம் மேசைக்கடியில் இருந்த கம்ப்யூட்டர் மூழ்கியதில் பழைய ரிப்போர்ட்டுகள் எல்லாம் போயின. ஓர் அம்மாள், மகளுக்கு ஆபரேஷன் என்று, பழைய ரிப்போர்ட்டைக் கேட்டு மூன்று முறை வந்தார். மூன்று முறையும் இல்லை என்று சொன்னவள் நான். எங்கள் டாக்டரம்மா மாட்டுங்காவில் பிறந்து வளர்ந்தவர், பாலக்காட்டுக் குடும்பம், அதிகம் பேசமாட்டார். மூடப்போகும் ஓர் அலுவலகத்திலிருந்து பழைய சர்வர் ஒன்றை வரவழைத்து, "மழைக்கு முன்னாடி இதை இடுப்பு உயரத்துக்கு ஏத்திடு. வேற ஒண்ணும் கேக்கலை" என்றார்.

சர்வர் வந்தது, ரெயில் வரவில்லை. ஏன் வரவில்லை என்பதை அண்ணாச்சிதான் விளக்கினார். அலுவலகங்களைக் காலி செய்கிறவர்கள் சர்வரைக் கழற்றிக் கம்ப்யூட்டர்காரர்களுக்குக் கொடுத்துவிட்டு, ரெயிலைப் பழைய இரும்போடு வீசிவிடுவார்களாம். இவர் அந்தக் குவியல்களைக் கிளறி, வெட்டுக்குப் போகும் முன் ரெயில்களைப் பொறுக்கி எடுத்து, துடைத்து, சாக்பீஸால் எண் எழுதித் தொங்கவிடுவார். கடைக்குள் நிமிர்ந்து நடக்க முடியாது. ஒரு சர்வருக்குரியது இன்னொன்றுக்குச் சேராது என்றார். சதுர ஓட்டைக்கு ஒன்று, வட்ட ஓட்டைக்கு ஒன்று என்றார். இழுத்தால் வெளியே வருவது ஒன்று, அசையாமல் நிற்பது ஒன்று என்றார். எனக்குத் தலை சுற்றியது. கடைசியில், "கேபினெட்டு ஆழம் எவ்வளவு?" என்று கேட்டார்.

"ஸ்டாண்டர்டுதான் அண்ணாச்சி" என்றேன்.

அந்த வார்த்தையை எங்கிருந்து எடுத்தேன் என்று தெரியவில்லை. கேபினெட்டை வாங்கியதும் நான்தான். மும்பையில் நாங்கள் எதையும் அறையை அளந்துதான் வாங்குவோம். கட்டிலோ ஃபிரிட்ஜோ, கதவு திறக்குமா, ஆள் ஒதுங்கிப் போக இடம் இருக்குமா என்பதுதான் முதல் கேள்வி. ரத்தம் எடுக்கும் அறையில் கதவுக்குப் பின்னால் இருந்த இடத்தை அளந்து, கதவு இடிக்காத மாதிரி இரண்டடி ஆழத்தில் கேபினெட் வாங்கினேன். அதற்குள் என்ன வைக்கப்போகிறோம் என்று அளக்கவே தோன்றவில்லை. சர்வரின் நீளம் இரண்டரை அடி.

முதலில் எடுத்துப்போன ரெயில் வட்ட ஓட்டைக்கானது. எங்கள் கேபினெட்டில் சதுர ஓட்டை. மாற்றிக்கொடுத்தார். அடுத்தது சரியான ரகம்தான், ஆனால் எவ்வளவு சுருக்கினாலும் பின்பக்கக் கம்பியைத் தாண்டி நீட்டிக்கொண்டு நின்றது. அதையும் செய்தித்தாளில் சுற்றி எடுத்துக்கொண்டு, லோக்கல் ட்ரெயின் லேடீஸ் டப்பாவில் பக்கத்துப் பெண்களின் திட்டை வாங்கிக்கொண்டு, மறுபடி தாராவிக்குப் போனேன். அவர் மறுபடி ஆழத்தைக் கேட்டார். நான் மறுபடி ஸ்டாண்டர்டு என்றேன். ஏன் சர்வரின்மேல் ஓர் அளவுநாடாவை எடுத்துப் பிடிக்கவில்லை என்று இன்று யோசித்தால் எனக்கே என்மேல் எரிச்சல் வருகிறது. ரெயிலில்தான் ஏதோ கோளாறு என்று முழுமனதாக நம்பினேன்.

வானம் இருட்டத் தொடங்கிய ஒரு வியாழக்கிழமை, சொல்லாமல் கொள்ளாமல் அண்ணாச்சி செம்பூருக்கு வந்து நின்றார். கேபினெட் கதவைத் திறந்து கையை உள்ளே விட்டார். விரல் பின்சுவரில் தட்டிய சத்தம் கேட்டது. திரும்பி சர்வரைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். அந்த நொடியில்தான் எனக்கும் விளங்கியது. எந்த ரெயிலும் இதில் சேராது. பின்னால் டாக்டரம்மா வந்து நின்று, "என்ன பிரச்சனை?" என்று கேட்டார்.

"எம்மேலதான் தப்பும்மா. ரெயிலை மாத்தி மாத்திக் குடுத்துட்டேன். அந்தப் பிள்ளைக்குத்தான் வீண் அலைச்சலு" என்றார் அண்ணாச்சி.

நான் கேபினெட் கதவைச் சாத்தினேன்.

அவரே வழியும் சொன்னார். ரெயிலை விட்டுவிட்டு, உள் அளவுக்கு வெட்டிய, எல் வடிவ இரும்பு ஆங்கிள் இரண்டைப் பக்கத்துக்கு ஒன்றாக முடுக்கி, அதன்மேல் சர்வரை உட்காரவைப்பது. பின்பக்கத் தகட்டைக் கழற்றினால் சர்வரின் வால் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். கேபினெட்டைச் சுவரிலிருந்து முன்னே இழுத்துத் தரையோடு போல்ட் போடவேண்டும். அப்படி இழுத்தால் அறைக்கதவு திறக்காது. டாக்டரம்மா அறைக்கதவை ஒருமுறை ஆட்டிப் பார்த்தார். "கதவைக் கழட்டிடுங்கோ. திரை போட்டுக்கறேன்" என்றார். மறுநாளே அண்ணாச்சி வந்து எல்லாவற்றையும் முடித்தார். அரிசி மூட்டை கனம் இருக்கும் அந்த சர்வரை அவரும் வாட்ச்மேனும் தூக்கிவைத்தார்கள். அந்த மழையில் முழங்கால் வரை தண்ணீர் வந்தது. ஒரு ரிப்போர்ட்டும் போகவில்லை.

வேலை முடிந்த அன்று ஸ்டேஷன் வரை அவரோடு நடந்தேன். ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டேன். "டாக்டரம்மா இனி என்னையப் பாக்கவா போறாவ? ஒன்னையத்தான் தெனமும் பாக்கணும்" என்றார். கணக்கு சரிதானே என்று அப்போது தோன்றியது. நன்றி சொன்னேனா என்று நினைவில்லை.

அவர் கணக்கு தப்பிப்போனது. அடுத்த வருடம் டாக்டரம்மாவின் தோழி ஒருவர், பெரிய ஆஸ்பத்திரிக்குப் பழைய சர்வர்களும் ரெயில்களும் நிறைய வேண்டும், யாரிடம் வாங்கலாம் என்று கேட்டார். நான் மேசையில் ரிப்போர்ட் அடித்துக்கொண்டிருந்தேன். "தாராவியில ஒருத்தர் இருக்கார். அவர்கிட்ட மட்டும் வேண்டாம், மாத்தி மாத்திக் குடுப்பார்" என்றார் டாக்டரம்மா. நாலு வார்த்தை சொன்னால் போதும். சொல்லத்தான் நினைத்தேன். நாளை சொல்லிக்கொள்ளலாம் என்று கீபோர்டைத் தட்டிக்கொண்டிருந்தேன். நல்லவர் ஒருவரின் பெயரைக் கெடுக்க நான் எந்தப் பொய்யும் சொல்லவில்லை, சும்மா இருந்தேன், அவ்வளவுதான் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். அது தேறவுமில்லை.

போன வாரம் தாராவிக்கு ஒரு கல்யாண வீட்டுக்குப் போனபோது கடை பூட்டியிருந்தது. அண்ணாச்சி கல்யாண் என்ற ஊரில் மகன் வீட்டோடு போய்விட்டதாகப் பக்கத்துக் கடைக்காரர் சொன்னார். "தந்தா ஓடல, யாவாரமே இல்ல. புது ஆஸ்பத்திரி, ஆபீஸுன்னு ஒண்ணும் கெடைக்கலன்னு சொல்லிக்கிட்டிருந்தாரு" என்றார். என்னால்தானா? அந்த ஓர் ஆஸ்பத்திரி கிடைத்திருந்தால் கடை ஓடியிருக்குமா? எவ்வளவு யோசித்தும் எனக்குப் பிடிபடவில்லை.

மறுநாள் காலை டாக்டரம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். இரண்டடி, இரண்டரை அடி, ஸ்டாண்டர்டு, பூட்டிய கடை, ஒன்றையும் விடவில்லை. வேலை போனாலும் போகட்டும் என்றுதான் சொன்னேன். அவர் கோபிக்கவில்லை.

"கடையை மூடிட்டார்னு உனக்கு எப்போ தெரியும்?"

"நேத்துத்தான் டாக்டர்."

"அதுக்கு முன்னாடி ரெண்டு வருஷம் கடை இருந்ததே. அப்போ சொல்லியிருக்கப்படாதோ?"

இனி யாருக்கும் பயனில்லை என்றான பிறகுதான் எனக்குத் தைரியம் வந்ததா, அல்லது உண்மையாகவே தாங்கமுடியாமல் சொன்னேனா, இரண்டில் எது என்று இதை எழுதும்போதும் குழப்பமாகத்தான் இருக்கிறது. டாக்டரம்மா அண்ணாச்சியின் நம்பரைக் கேட்டார். கொடுத்தேன். அங்கேயே உட்கார்ந்து பேசினார். "தப்பு எங்க பக்கம், உங்களைப் பத்தி நான் தப்பா சொல்லிட்டேன்" என்று இரண்டு முறை சொன்னார். மறுமுனையில் அண்ணாச்சியின் குரல் எனக்கு லேசாகக் கேட்டது. வார்த்தை புரியவில்லை. கடைசியில் டாக்டரம்மா என் பக்கம் நிமிர்ந்து பார்த்து, "ம், அவ நன்னாயிருக்கா" என்றார். பிறகு ஃபோனை அணைத்து மேசைமேல் வைத்தார். என்னிடம் நீட்டவில்லை.