தெரிந்தே எழுதிய தவறான விடை

அருவங்காட்டில் ஃபேக்டரி வேலைக்குச் சேர்ந்த புதிதில் குவார்ட்டர்ஸில் தனியாக இருந்தேன். எனக்குக் கடிதம் எழுத ஊரில் யாருமில்லை. நான் கிறிஸ்தவன் அல்ல. தபால் வருமே என்றுதான் ஊட்டியில் யாரோ இலவசமாக நடத்திய தபால்வழி வேதபாடத்தில் சேர்ந்தேன்.

முதலில் லூக்கா சுவிசேஷம். அதை எழுதியவரின் தொழில் என்ன என்று கேட்டிருந்தார்கள். வைத்தியர் என்று பாடத்திலேயே இருந்தது. நான் மீனவர் என்று எழுதினேன். சரியான விடைக்கு வெறும் டிக்தான். தவறுக்குத்தான் திருத்துபவர் பச்சை மையில் பத்து வரி விளக்கம் எழுதுவார்.

"ஏனுங்க, இன்னைக்கும் உங்களுக்குத் தபாலுங்க" என்பார் தபால்காரர். அதைக் கேட்பதற்காகவே தவறாக எழுதிக்கொண்டிருந்தேன்.

லூக்கா யாருக்காக எழுதினார் என்ற கேள்விக்கு, ஊருக்கெல்லாம் என்று எழுதினேன். பச்சை மையில் பதில் வந்தது: "தெயோப்பிலுங்கற ஒரே ஒருத்தருக்குத்தானுங்க தம்பி. உங்களுக்கு விடை தெரியும்னு எனக்குத் தெரியுமுங்க. சும்மாவே எனக்குக் கடிதாசி போடுங்க. நானும் இங்க தனியாத்தான் இருக்கறேன்."

வெட்கத்தில் குன்றிப்போனேன். மழைக்காலம் முழுக்கப் பேனாவையே தொடவில்லை. பிறகு எல்லா விடைகளையும் சரியாக எழுதி, அவருக்கென்று தனி உறையில் நான்கு பக்கக் கடிதமும் வைத்து அனுப்பினேன்.

நூற்றுக்கு நூறு என்று திரும்பி வந்தது. நீல மை, வேறு யாருடைய கையெழுத்தோ. என் உறை பிரிக்கப்படாமலே அதனுடன் வந்திருந்தது.

ஒரே ஒருவருக்காக நான் எழுதியது அது ஒன்றுதான். இன்னும் அதை நான் பிரிக்கவில்லை.