வளைகாப்பில் இழுத்த ராகம்

நான் பிறந்தது செங்கம் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி ஒரு ஊர். கட்டிக்கொடுத்தது திருவண்ணாமலை தேரடிப் பக்கம். எழுத்து என்றால் கையெழுத்துப் போடுவேன், அவ்வளவுதான். பாட்டு மனசிலேயே கட்டுவேன். சாவு வீட்டில் ஒப்பாரிக்கும் என்னைத்தான் கூப்பிடுவார்கள், கல்யாண வீட்டில் நலங்குக்கும் என்னைத்தான். இரண்டும் கட்டுகிறவள் அந்தத் தெருவில் வேறு எவளும் இல்லை, இன்றைக்கும் சொல்வேன். ஒன்றின் ராகம் மற்றதில் கலக்கக் கூடாது என்பதுதான் கட்டுப்பாடு.

எழுபதுகளின் கடைசி. வேங்கிக்கால் அப்போது பாதி வயல். அங்கே என் ஒரே மகளுக்கு அவள் மாமியார் வீட்டில் வளைகாப்பு. அது முடிந்ததும் தலைப்பிரசவத்துக்கு அவளை என் வீட்டுக்கு அழைத்துப் போக வேண்டும். வளையல் போடும்போது பாடச் சொன்னார்கள். நானே கட்டியதைப் பாடினேன்.

பொறந்த ஊரு பேரு போச்சு
புருஷன் ஊரு பேராச்சு
எனக்குன்னு எந்த ஊரு?

மகள் முகத்தைப் பார்த்தபடியே பாடினேனா, மூன்றாவது வரியில் குரல் தானாக இழுத்துவிட்டது. ஒப்பாரி இழுப்பு. வளையல் போட்டுக்கொண்டிருந்த கைகள் அப்படியே நின்றன.

"நிறுத்துங்க!" என்றாள் சம்பந்தி. "வயித்துப்புள்ளக்காரி முன்னாடி எழவுப் பாட்டா? பொண்ண அனுப்ப மாட்டேன். பிரசவம் இங்கியே ஆவட்டும்."

"சாவுக்குப் பாடற வாயி, வேற எப்டி வரும்?" என்றாள் பின்னால் ஒருத்தி.

என் வாயாலேயே குழந்தைக்கு ஏதாவது ஆகிவிட்டால்? அந்தப் பயத்தை முகத்தில் காட்டவில்லை.

"பாதில வுடாதம்மா. கைதட்டிப் பாடு" என்றாள் மகள்.

கைதட்டினேன். அதே வார்த்தைகள், நலங்கில் சம்பந்தியை வம்புக்கு இழுக்கிற மெட்டு. கடைசியில் ஒரு வரி அங்கேயே வந்தது.

உனக்கு மட்டும் எந்த ஊரு சம்பந்தியம்மா?

யாரும் சிரிக்கவில்லை. சம்பந்தி முறைத்தாள்.

"போளூரு" என்றாள். பிறகு, யாரிடமோ சொல்வதுபோல, "தலப்பிரசவத்துக்குப் போனதுதான். அப்புறம் ஒரு ராத்திரி தங்க வுட்டாங்களா?" என்றாள். ஒரு வளையலை எடுத்து மகள் கையில் அவளே ஏற்றினாள். "வெயிலு ஏறதுக்குள்ள கூட்டிட்டுப் போங்க. வழியில மட்டும் வாயத் தொறக்காதீங்க, சொல்லிட்டேன்."

ஜட்கா வண்டியில் என் கை மகள் வயிற்றிலேயே இருந்தது.

"அசையுதாடி?"

"அசையுதும்மா."

கொஞ்ச தூரம் போனதும் மறுபடி கேட்டேன்.

"அத தூங்க வுடும்மா" என்றாள்.

பேத்தி பிறந்து வீறிட்டு அழுகிற வரைக்கும் என் மனசில் ஒரு வரிகூட வரவில்லை.