வேலிக்கு அந்தப் பக்கத்து நித்திரை

குவைத்தில் சண்டை நடந்த நாள்களில் எங்கள் பக்கம் கரண்டும் இல்லை, பற்றரியும் இல்லை. கொக்குவிலில் நாங்கள் செய்தி கேட்டது சைக்கிளில். அதைத் தலைகீழாக நிறுத்தி, டைனமோவிலிருந்து ரேடியோவுக்கு வயர் கொடுத்து, பெடலைக் கையால் சுற்ற வேண்டும். கை தளர்ந்தால் செய்தி வாசிப்பவர் கிணற்றுக்குள் விழுந்தவர்போல முனகுவார்.

மழைக்குக்கூடப் பள்ளிக்கூடத்தில் ஒதுங்காதவன் நான். குவைத் எந்தத் திசையில் இருக்கிறதென்று தெரியாது. ஆனால் அங்கே எண்ணெய்க் கிணறு எரிகிறதென்றால் இங்கே எனக்குச் சோறு இறங்காது. தலைக்கு மேல் சுற்றிக் குண்டு போடும் பொம்பருக்கு, பதுங்கப் பங்கர் இருந்தது. குவைத்துப் புகைக்கு என்ன செய்வது? பங்கரை இன்னும் இரண்டடி தோண்டினேன். தண்ணீர் ஊறிவிட்டது. அடுத்த முறை பொம்பர் வந்தபோது, மனைவி முழங்கால் தண்ணீரில் நின்றபடி என்னை ஏசினாள்.

பக்கத்து வீட்டில் ஒரு அண்ணை, சுருட்டுக் கொட்டிலில் வேலை. மத்தியானம் வந்து சாப்பிட்டு, மாமரத்தடியில் சாக்குக் கட்டிலில் சரிவார். உடனே குறட்டை. மனிதரிடம் காணி, காசு எதைக் கண்டும் நான் பொறாமைப்பட்டதில்லை. அந்தக் குறட்டையைக் கேட்டால்தான் பற்றிக்கொண்டு வரும்.

"உந்த அண்ணையைப் பாத்துப் பழகுங்கோ" என்பாள் மனைவி.

"அந்தாளுக்கு மண்டைக்குள்ள ஒண்டும் இல்லை."

"உங்கடை மண்டைக்குள்ள என்ன கிடக்கு, குவைத்தே?"

ஒருநாள் பொறுக்க முடியாமல் வேலியடியில், ஓலை விலகிய பொட்டுக்குள்ளால் அவரைக் கேட்டேன்.

"அண்ணை, உங்களுக்குப் பயமே இல்லையோ?"

"ஏன் இல்லை, தம்பி? செய்தி முடிய வேலிப் பொட்டுக்குள்ளால உம்மடை வீட்டுத் தங்கச்சியைக் கேப்பன், உவர் சாப்பிட்டவரோ எண்டு. செய்தி கேக்கிற நீரே சாப்பிட்டால் உலகத்துக்கு ஒண்டும் இல்லைத்தானே. போய்ப் படுப்பன்."

"அவ என்ன சொல்லுறவ?"

"ரெண்டாந் தரமும் போட்டுச் சாப்பிட்டவராம். ஒருநாளும் நீர் சோத்தை விட்டதில்லையாமே."

இரண்டு கிழமையாக நான் பாதிச் சோற்றை நாய்க்குப் போட்டுக்கொண்டிருந்தேன். மனைவி அடுப்பு ஊதிக்கொண்டிருந்த குசினிக்கு நேரே போனேன்.

"ஏனப்பா அந்தாளுக்குப் பொய் சொன்னனீர்?"

"பாவம், அந்த மனுசனாவது நித்திரை கொள்ளட்டும்."

"அப்ப நான் பாவம் இல்லையோ? எனக்கும் ஒரு பொய் சொல்லியிருக்கலாமே."

"நீங்கள்தானே பெடலைச் சுத்திச் சுத்திச் செய்தி கேக்கிறீங்கள். உங்களுக்கு என்ன பொய்யைச் சொல்ல?"

கட்டிய மனைவி பக்கத்து வீட்டு நித்திரையைக் காவல் காக்கிறாள், நான் ஊர் நாயைக் கொழுக்க வைக்கிறேன்.

"நாளைக்கு நீரே சுத்திக் கேளும்," என்றேன். "கேட்டுப்போட்டு எனக்குச் சொல்லும்."

மறுநாள் மத்தியானம் அவள் பின்பக்கம் போய்த் தனியாகப் பெடலைச் சுற்றினாள். நான் தட்டின் முன்னால் காத்திருந்தேன். வந்து எனக்கும் போட்டு, தனக்கும் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.

"என்னவாம்?"

"ஒண்டும் இல்லையாம். சாப்பிடுங்கோ."

சாப்பிட்டேன். மெய்யாகவே இரண்டாம் தரமும் போட்டாள். கை கழுவ எழும்பும்போதுதான் அவளுடைய தட்டைக் கண்டேன். குழைத்த சோறு அப்படியே கிடந்தது.

செய்தியில் மெய்யாக என்ன சொன்னார்களென்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அந்த அண்ணை இவ்வளவு நாளும் அனுபவித்ததை ஒரு மத்தியானமாவது நானும் அனுபவிக்க வேண்டும்போல இருந்தது. பாயை விரித்துப் படுத்தேன்.