எத்தனை மணிக்குச் சுட்டது?

என் சித்தி, கட்டிய புருஷனுக்கு ஒரு வாய் தண்ணீர் தர மறுத்துவிட்டாராம். அண்ணி அனுப்பிய குரல் பதிவில் இப்படி வந்தது. அண்ணிக்குச் சொன்னவர் மருந்துக்கடைக்காரர். அவருக்குச் சொன்னது யார் என்றால், "எல்லாரும்தான் பேசிக்கிறாங்க." எல்லாரும் பேசினால் விசாரிக்க என்ன இருக்கிறது?

சித்தி தீக்காய வார்டின் மூத்த நர்ஸ். வெந்தவர்களின் நரம்பில் லிட்டர் கணக்கில் உப்புநீர் ஏற்றுவதுதான் அவர் வேலை. ஊருக்கு அது தண்ணீரில் சேர்த்தியில்லை. டம்ளரில் வந்தால்தான் தண்ணீர்.

உடம்பு பெரிதாக வெந்துவிட்டால் ஓட்டை வாளி மாதிரி. ரத்தக் குழாய்களுக்குள் ஓட வேண்டிய நீர் வெளியே கசிந்து உடம்பை வீங்க வைக்கும். உள்ளே ரத்தம் வற்றும். எவ்வளவு ஏற்றுவது என்பதற்கு ஒரு தோராயக் கணக்கு உண்டு. உடம்பின் எடையை வெந்த சதவீதத்தால் பெருக்கி, மறுபடி நாலால் பெருக்கினால் ஒரு நாளுக்கான மில்லி வந்துவிடும். அதில் பாதி முதல் எட்டு மணி நேரத்துக்குள் போக வேண்டும். அந்த எட்டு மணி ஆஸ்பத்திரி வாசலில் தொடங்குவதில்லை, சுட்ட நொடியில் தொடங்குகிறது.

கணக்கில் ஒரு சிக்கலும் இல்லை. சிக்கலெல்லாம் சொந்தக்காரர்கள்தான்.

எடை கேட்டால் ஓர் அம்மா, "துரும்பா இளைச்சிட்டான் சிஸ்டர், மருமக சமையல் அப்படி" என்பார்.

"அந்தத் துரும்பைக் கட்டில்ல ஏத்த நாலு பேர் வேண்டியிருந்துச்சேம்மா. எடையைச் சொல்லுங்க, மருமகளை அப்புறம் திட்டிக்கலாம்."

நேரம் கேட்டால் எல்லாரும் ஒரே குரலில் "இப்பத்தான்." வீட்டிலேயே பற்பசை பூசி, பக்கத்து வீட்டு ஆலோசனைகளையெல்லாம் முடித்துவிட்டு வந்த "இப்பத்தான்" அது.

"பொய் சொல்லணும்னா வயசுல சொல்லுங்கய்யா, நேரத்துல சொல்லாதீங்க" என்பார் சித்தி.

இந்த வாய் வார்டோடு நின்றால் பரவாயில்லை. வீட்டுக்கும் கூடவே வரும். சித்தப்பா கார் மெக்கானிக். காய்கறி வாங்கக் கொஞ்சம் தாமதமானாலும் அவருக்குக் குறுக்கு விசாரணைதான். அவர் பேசினால் முதல் வார்த்தையே "திட்டாதே" என்றுதான் இருக்கும்.

சூடாக இருக்கும் ரேடியேட்டரின் மூடியைத் திறக்காதே என்று பட்டறைச் சுவரில் பெயிண்டால் எழுதி வைத்தவர் சித்தப்பா. அதைத் திறந்தவரும் அவரே. நெஞ்சு, வயிறு, வலது கை, எல்லாம் கொதிநீர்.

மத்தியானம் பட்டறை ஆட்கள் கூட்டி வந்தார்கள்.

"எப்போ?" என்று சித்தப்பாவையே கேட்டார் சித்தி.

"இப்பத்தான்."

சித்தி நம்பிவிட்டார். இத்தனை வருஷம் ஊரில் ஒருத்தரையும் நம்பாமல் சேர்த்து வைத்த நம்பிக்கையையெல்லாம் வீட்டு ஆளுக்கென்று மொத்தமாகக் கொடுத்துவிட்டார். மணியைக் குறித்துக்கொண்ட டாக்டர் கணக்குப் போட்டார். உப்புநீர் சாவகாசமாக இறங்கியது. காயத்தைத் துடைக்கும்போதுதான் நெஞ்சிலிருந்த பற்பசை பழைய சுண்ணாம்பு மாதிரி வெடித்து உதிர்ந்தது.

"சிஸ்டர், இது இப்பப் பூசினதா?" என்று கேட்ட டாக்டர், சித்தப்பா பக்கம் திரும்பினார். "சார், உண்மையைச் சொல்லுங்க."

"காலையில. பட்டறை திறந்ததும்."

"காலையிலயா?" சித்தியின் குரல் வார்டு முழுக்கக் கேட்டதாம். "இவ்வளவு நேரம் என்ன பண்ணீங்க? ரேடியேட்டருக்குத் துணைக்கு உட்கார்ந்திருந்தீங்களா?"

"ஆறிடும்னு பார்த்தேன். நீ வேற திட்டுவே."

எட்டு மணியில் பாதிக்கு மேல் பற்பசையோடு காய்ந்து போயிருந்தது. நாலு லிட்டர் மிச்ச நேரத்துக்குள் போக வேண்டும். குறைந்தால் சிறுநீரகம் படுத்துவிடும், கூடினால் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும். சரியாகப் போகிறதா என்பதைக் கட்டிலடியில் தொங்கும் மூத்திரப் பைதான் சொல்ல வேண்டும். மணிக்கு நாற்பது மில்லியாவது இறங்க வேண்டும். சித்தப்பா கேட்டதோ ஒரு டம்ளர் தண்ணீர். வாந்தி வந்து புரையேறிவிடும் என்று, சித்தி பஞ்சை நனைத்து உதட்டை மட்டும் ஈரமாக்கினார். ஊர் பார்த்தது அந்தப் பஞ்சைத்தான்.

இதெல்லாம் சித்தியே போனில் சொன்னது.

"பையில எவ்வளவு சித்தி?"

"கட்டன் டீ கலர்ல அடியில கொஞ்சம். வேகத்தைக் கூட்டியிருக்கோம். அடுத்த மணிக்குப் பார்த்தாத்தான் தெரியும்."

"அவரை ஒண்ணும் சொல்லிடாதீங்க."

"அதுக்கப்புறம் ஒரு வார்த்தை சொல்லலடா. அதுலதான் அந்த மனுஷன் இன்னும் மிரண்டு கிடக்கார். நீ அங்கேயிருந்து போன் அடிச்சு எனக்குப் பிரஷர் ஏத்தாதே. நானே கூப்பிடறேன்."

அந்த மணி நேரம் முடிந்து கொஞ்சம் ஆகிவிட்டது. சித்தி கூப்பிடவில்லை. கடல் தாண்டி வந்தவன் செய்யக்கூடிய ஒரே வைத்தியத்தை நானும் செய்கிறேன்: போன் அடிக்கிறேன். பையை மாற்றிக்கொண்டிருப்பார். பையை மாற்றுவதென்றால் அது நிறைந்திருக்க வேண்டும், நல்லதுதானே? எடுக்காமலிருக்க வேறு காரணங்களும் உண்டு. அவற்றை யோசிக்க எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

மணி போய்க்கொண்டே இருக்கிறது.