நைஜர் சார்

டம்ளர் தண்ணீரில் விரலைத் தோய்த்து மேசைமேல் வளைவாக ஒரு கோடு இழுக்கிறார் துரைராஜ் சார். "இங்க பொறக்குது நைஜர் ஆறு. கடல் இதோ, பக்கத்துலயே இருக்கு. ஆனா போகாது. முதுகைக் காட்டிட்டு பாலைவனத்தைப் பார்த்துப் போகும்." எதிரே நிற்பது டியூஷன் பையனா, கேஸ் சிலிண்டர்க்காரரா என்பதெல்லாம் அவருக்குப் பொருட்டில்லை. யாராக இருந்தாலும் சகாராவின் ஓரத்தைத் தொட்டுவிட்டு, கினி வளைகுடாவில் இறங்கிய பிறகுதான் வீட்டுக்குப் போகலாம்.

நைஜீரியாவில் ஏழு வருஷம் வாத்தியாராக இருந்துவிட்டு எண்பத்தைந்தில் கிழக்குத் தாம்பரத்துக்குத் திரும்பினார். கொண்டுவந்த டேப் ரிக்கார்டர் எப்போதோ நின்றுவிட்டது. ஆறு இன்னும் ஓடுகிறது. அது எந்தத் திசையில் ஓடுகிறது என்றே தெரியாமல் ஐரோப்பியர்கள் நூற்றாண்டுக்கணக்கில் அடித்துக்கொண்ட கதையை, ஏதோ இவர்தான் போய்ப் பஞ்சாயத்து பண்ணியதுபோல் சொல்வார். தெருக்குழாயில் தண்ணீர் வராத நாட்களில் கதை இன்னும் நீளும்.

அவர் அந்த ஆற்றைப் பார்த்ததே இல்லை. எனக்கும் அவர் மனைவி செல்வமேரி அக்காவுக்கும் மட்டும் இது தெரியும். அதனால் இங்கே பெயர்களை மாற்றியிருக்கிறேன். ஆற்றை மாற்ற மனம் வரவில்லை.

"அவர் இருந்த கானோவுலேர்ந்து ஆறு ரொம்ப தூரமாம். லீவு கிடைச்சா எங்களைப் பார்க்கத்தானே ஓடி வருவார்" என்று அக்கா ஒருநாள் சொன்னார். "வெளியில சொல்லிடாதீங்க. டியூஷன் பசங்க சிரிச்சா மனுஷன் ஒடிஞ்சி போயிடுவார்."

அக்கா ஏழு வருஷமும் இரண்டு பிள்ளைகளோடு இங்கேயேதான் இருந்தார். அவர் போன அதிகபட்சத் தூரம் கோவளம்.

போன மாதம் எதிர்வீட்டுக்குக் குடிவந்த இன்ஜினியர் தயாளனும் நைஜீரியாவில் இருந்தவர். காபி குடிக்க வந்தவர், "லோக்கோஜாவுல பெனுவே வந்து நைஜர்ல சேருமே, அங்கதான் சார் எனக்கு வேலை. நீங்க எந்தக் கரையில நின்னு பார்த்தீங்க?" என்று ஆவலாகக் கேட்டார். சாரின் முகம் வெளுத்துவிட்டது.

சமையலறை வாசலில் வழக்கம்போல் நின்றுகொண்டிருந்த அக்கா சொன்னார்: "அங்க போற வழியிலதான் தம்பி, எனக்குக் காய்ச்சல் வந்துடுச்சு. பாதியிலயே திரும்பிட்டோம். இன்னிவரைக்கும் உன்னாலதான் பார்க்கலைன்னு திட்டறார்."

"அந்த ஊர் மலேரியா பொல்லாததுக்கா" என்றார் தயாளன். அக்காவும் அனுபவப்பட்டவர்போல் தலையாட்டினார்.

துரைராஜ் சாருடைய பிரம்பு நாற்காலியில் அவரைத் தவிர வேறு யாரும் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. சார் எழுந்து, அதைத் தூக்கிக்கொண்டு போய் மனைவியின் பக்கத்தில் போட்டார்.