மாப்பிள்ளை அனுப்பிய அழைப்பு

கலியாண வேலையில் மாப்பிள்ளையும் பங்கெடுக்க வேண்டும் என்று எனக்குச் சொன்னவள் நான் கட்டப்போகிற பெண்தான். கொள்ளுப்பிட்டியில் அவளுடைய அலுவலகத்துக்குக் கீழே தேநீர் குடித்துக்கொண்டிருந்தோம். "மண்டபம் பார்த்தது எங்கட அப்பா. நாள் பார்த்தது உங்கட அம்மா. சாறி எடுத்தது நான். நீங்கள் என்ன செய்யிறியள்?" என்றாள். வேட்டிக்கு அளவு கொடுக்கப் போவதாகச் சொன்னேன். வேட்டிக்கு அளவு எடுப்பதில்லை என்று அவள் பொறுமையாக விளங்கப்படுத்தினாள்.

அந்த ரோசத்தோடு வெள்ளவத்தைக்கு வந்து, இனி அழைப்பு வேலை முழுவதும் என் பொறுப்பு என்று வீட்டில் அறிவித்தேன். அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். "முதல்லை கலியாணக் காட் அடிச்சு வரட்டும், பிறகு பாப்பம்" என்றார். எங்கள் வீட்டில் என் அறிவிப்புகளுக்கு இதைவிட நல்ல வரவேற்பு கிடைத்ததில்லை. ஆகவே சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

நான் கணினி வேலை பார்க்கிறவன். பட்டியல் ஒன்று போட்டுவிட்டால் வேலையே முடிந்துவிட்டது போல எனக்கொரு நிம்மதி வரும். அம்மாவின் போனிலிருந்து உறவினரின் இலக்கங்களை எடுத்தேன். அச்சகத்திலிருந்து வந்த காட்டின் படத்தை ஒரு சனிக்கிழமை காலை எல்லோருக்கும் என் போனிலிருந்து அனுப்பினேன். கீழே ஒரு லிங்க். அதைத் தொட்டால் இரண்டு பொத்தான்கள்: 'வருகிறோம்', 'வர இயலாது'. எங்கள் ஆட்கள் மாறி மாறி அமத்திக் குழப்புவார்கள் என்று, ஒருவர் ஒரு தடவைதான் பதில் சொல்லலாம் எனப் பூட்டும் வைத்தேன். தேநீர் ஆறுவதற்குள் ஒரு குடும்பத்தின் ஒரு மாத அலைச்சலை மிச்சப்படுத்திவிட்ட பெருமை எனக்குத் தாங்கவில்லை.

மத்தியானத்துக்குள் முதலாவது 'வர இயலாது' வந்தது. கொட்டாஞ்சேனை மாமா. அம்மாவின் ஒரே அண்ணன்.

அம்மாவிடம் சொல்லப் போனேன். அவர் மேசையில் காட்டுகளைப் பரப்பி வைத்து மூலைகளுக்கு மஞ்சள் பூசிக்கொண்டிருந்தார். முதல் காட் பிள்ளையார் கோயிலுக்கு. இரண்டாவது அந்த அண்ணனுக்கு. எங்கள் ஆட்களிடம் தாய்மாமனுக்கு வீடு தேடிப் போய், வெற்றிலை பாக்கு வைத்து, வாயால் சொல்ல வேண்டும். எட்டு வருடங்களுக்கு முன் மாமாவின் மகளுடைய கலியாணக் காட் எங்களுக்குத் தபாலில் வந்தது. அம்மா அதை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினார், கலியாணத்துக்குப் போகவில்லை. அன்றோடு அண்ணன் தங்கைக்குள் பேச்சு நின்றது. அப்பாவின் செத்த வீட்டுக்கு மட்டும் மாமா வந்தார். அதற்கு யாரும் அழைக்கத் தேவையில்லை. வாசலில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போய்விட்டார்.

திரும்ப அந்த வீட்டுப் படியேற அம்மாவுக்கு இருந்த ஒரே சாட்டு என் கலியாணம். அதைத்தான் நான் மிச்சப்படுத்தியிருந்தேன்.

அம்மா போனை வாங்கிப் பார்த்தார். "அண்ணா எனக்கு முத்திரையாவது ஒட்டினவர்" என்றார். "நீ அதையும் ஒட்டேல்லையே, தம்பி." பிறகு மஞ்சள் கையைக் கழுவப் போனவர், குழாயைத் திறந்தபடி வெகுநேரம் அங்கேயே நின்றார். எனக்கு என்மேல் அருவருப்பாக இருந்தது.

அடுத்த நாள் காலை கொட்டாஞ்சேனைக்கு ஓட்டோ பிடித்தோம். வெற்றிலைத் தட்டைப் பிடிக்கும் பொறுப்பு எனக்குத் தரப்பட்டது. அதையாவது உருப்படியாகச் செய்தேன்.

கதவைத் திறந்த மாமா எங்களை உள்ளே கூப்பிடவில்லை. "எனக்கு அழைப்பு வந்திட்டுது" என்றார். "மறுமொழியும் குடுத்திட்டன்."

அம்மா வாசலில் நின்றபடியே சொன்னார். "அண்ணா, பிள்ளைக்குக் கலியாணம். நீங்கள்தான் முன்னுக்கு நிண்டு நடத்தித் தரவேணும்."

"நீ என்ரை பிள்ளைக்கு வரேல்லையே, தங்கச்சி. உனக்கெண்டு முன்னுக்குக் கதிரை போட்டு வைச்சிருந்தனான்."

"தபாலிலை வந்த காட்டை வைச்சுக்கொண்டு எப்பிடியண்ணா வாறது?"

மாமாவின் முகம் மாறியது. "தபாலிலையோ? எனக்கு அப்ப காலிலை கட்டெல்லே. தான் நேரிலை போய் வெள்ளவத்தைப் பக்கம் சொல்லுறன் எண்டு, மகளைக் கட்டப்போற மாப்பிள்ளைதான் காட்டெல்லாத்தையும் வாங்கிக்கொண்டு போனவர். தானும் கலியாண வேலை ஏதாவது செய்ய வேணுமெண்டு ஒரே பிடியிலை நிண்டவர்."

இருவரும் ஒன்றாகத் திரும்பி என்னைப் பார்த்தார்கள். எட்டு வருடத்தில் அண்ணனும் தங்கையும் ஒத்துப்போன முதல் விஷயம் அதுதான்.

அம்மாவுக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே அழத் தொடங்கினார். மாமா என் கையிலிருந்து தட்டை வாங்கி, "உள்ளுக்கை வா" என்றார். அம்மாவை மட்டும்தான் சொன்னார், நானும் போனேன்.

தேநீர் வந்ததும் மாமா தன் போனை என்னிடம் நீட்டினார். "இதை வாறன் எண்டு மாத்தித் தா, மருமோன்." எத்தனை தரம் அமத்தியும் மாறவில்லை. நான் வைத்த பூட்டு நன்றாக வேலை செய்தது. மிச்ச அழைப்பு வேலையை எல்லாம் அம்மா அன்றே என்னிடமிருந்து பறித்துக்கொண்டார். மாமாவும் அவரும் சேர்ந்து, ஒரு மாதம், வீடு வீடாக ஏறி இறங்கினார்கள்.

அந்தப் பட்டியல் இன்னும் என் கணினியில் இருக்கிறது. நினைத்திருந்தால் திருத்தியிருக்கலாம், திருத்தவில்லை. அதன்படி மாமா என் கலியாணத்துக்கு வரவில்லை. கலியாணப் படங்களில் அம்மா தனியாக நிற்கிற படம் ஒன்று வேண்டும் என்று அண்மையில் தேடிப் பார்த்தேன். ஒன்றுகூட இல்லை, எல்லாவற்றிலும் பக்கத்தில் மாமா நிற்கிறார்.