கேமரனில் நாற்பத்தோரு ஓவியங்களுக்கு ஓர் அறை தேடி

ஓவியங்களை மலையில் பத்திரப்படுத்தலாம் என்று யாராவது யோசித்தால் முதலில் இதைப் படித்துவிடுங்கள். போன சனிக்கிழமை முழுக்க அலைந்து நொந்துபோய் எழுதுகிறேன்.

என் அக்கா மலேசியாவின் கேமரன் மலையில் ஒரு தேயிலைத் தோட்டத்து ஆயாக்கொட்டகையில் முப்பது வருடம் வேலை செய்தவர். தாய்மார்கள் கொழுந்து பறிக்கப் போனதும் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை. பிள்ளைகள் தூங்கும்போது அவர்களை எண்ணெய் வண்ணத்தில் வரைவார். மொத்தம் நாற்பத்தொன்று. இப்போது ஓய்வு பெற்றுவிட்டதால் மாதக் கடைசிக்குள் தோட்டம் கொடுத்த லயத்து வீட்டைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். பக்கத்து ஊரான தானா ராத்தாவில் அவர் எடுத்திருக்கும் அறையில் கட்டில் போட்டால் கதவு முழுதாகத் திறக்காது. மலைக்குக் கீழே ஈப்போவில் என் வீட்டுக்குள் மழைக்கு மழை தண்ணீர் வரும்.

காலை 6.30க்கு வேனில் கிளம்பி, சிம்பாங் பூலாய் வழியாகச் சுமார் எழுபத்தைந்து கிலோமீட்டர் ஓட்டி, 8.15க்குத் திரிங்காப் சேர்ந்தேன். ஒரு பூக்கிடங்கின் குளிர் அறையில், மாதம் 150 வெள்ளி வாடகைக்கு அக்கா இடம் பேசியிருந்தார். உள்ளே தரையெல்லாம் தண்ணீர். நான் கொண்டுபோன ஈரம் காட்டும் மீட்டர் 92 சதவீதம் என்றது.

"பூ வாடக் கூடாதுலா. தண்ணி அடிச்சிக்கிட்டேதான் இருக்கணும்" என்றார் காவலாளி.

அக்காவுக்குப் போன் போட்டேன். "குளிர்ல எதுவும் கெடாதுடா" என்றார். வருடக்கணக்காக இதே பாட்டுதான். வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், நானும் அதை நம்பியவன்தான். ஓவியத்துக்கு எமன் ஈரம். மலையில் அதற்குக் குறைச்சலே இல்லை.

அடுத்த ஏழு கிலோமீட்டருக்கு ஒரு மணி இருபது நிமிடம். கியா பார்மில் ஸ்ட்ராபெரி வாங்க ஊரே காரை நடுரோட்டில் நிறுத்தியிருந்தது. பிரிஞ்சாங்கில் பார்த்தது கடைமாடியில் ஒரு கிடங்கு. இரட்டைப் பூட்டு, நான்கு கேமரா, மாதம் 220 வெள்ளி. சுவர் வியர்த்திருந்தது. மீட்டரில் 86. "திருடன் உள்ள வரவே முடியாது பாஸ்" என்றார் உரிமையாளர். பூஞ்சையைப் பற்றிக் கேட்டதும் பேச்சை மாற்றிவிட்டார்.

தோட்டத்துக்குப் போகும்போது மணி பன்னிரண்டு. அக்காவின் கடைசி நம்பிக்கை, தொழிற்சாலையில் தேயிலை மூட்டைகள் அடுக்கும் அறை. மீட்டர் 57 காட்டியது. எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. தோட்டத்தை நிர்வகிக்கும் துரையும் சரி என்றுவிட்டாராம். அறைக்குப் பொறுப்பாகக் கணக்கெழுதும் கிராணி, அக்கா தூக்கி வளர்த்த பிள்ளை. நாற்பத்தொன்றில் ஒரு படம் அவருடையது. அக்கா லயத்திலிருந்து கையோடு கொண்டுவந்திருந்த அதையே எடுத்து முகர்ந்து பார்த்தார்.

"முடியாது ஆயா. இந்த எண்ணெ வாடை அப்படியே தேயிலையில ஏறிக்கும். என் படத்தக்கூட வைக்க முடியாது."

அக்கா படத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு லயத்துக்கு நடந்தார். லயத்தில் கட்டுகளைப் பிரித்தால் ஏழு படத்தில் பூஞ்சை. "ஏழு போச்சு, இன்னும் குளிர் குளிர்னு சொல்லிக்கிட்டிரு" என்று கத்திவிட்டேன்.

"ஈப்போவுக்குக் கொண்டு போயிட்டா நான் எப்படிடா பாக்கிறது? பஸ் ஏறித்தான் வரணும்."

"இங்கயே வச்சா பாக்கிறதுக்கு ஒண்ணும் இருக்காது."

இரண்டு மணிக்கு எல்லாவற்றையும் வேனில் ஏற்றி, அக்காவையும் ஏற்றிக்கொண்டு இறங்கினேன். ஈப்போவில் நான் முன்பே பார்த்து வைத்திருந்த கிடங்கில் ஈரம் 50, மாதம் 310 வெள்ளி, பூஞ்சை பிடித்தவற்றுக்குத் தனி அறை. வரவேற்பில் இருந்த பெண் படிவத்தை எடுத்தாள்.

"ஒவ்வொரு படத்துக்கும் பேரு வேணும் ஆன்ட்டி."

அக்கா காகிதம் எதையும் பார்க்கவில்லை. நாற்பத்தோரு பிள்ளைகளின் பெயரையும் வரிசையாகச் சொன்னார். பூஞ்சை பிடித்த ஏழும் அதில் வந்தன. காலையிலிருந்து நான் எண்ணிக்கையை மட்டுமே சொல்லிக்கொண்டிருந்தேன்.

"உங்களுக்கு அப்புறம் கதவத் திறக்க யாரு ஆன்ட்டி?"

அக்காவுக்குப் பிள்ளை இல்லை. என்னைப் பார்த்தார். "எனக்கும் அறுபது ஆகப்போகுதுக்கா" என்றேன்.

"அப்ப உன் மக பேரப் போடு."

கிடங்கு தேடுகிறவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். மீட்டர் இல்லாமல் போகாதீர்கள். அறுபதுக்கு மேல் காட்டினால் வாடகையைக்கூடக் கேட்காமல் திரும்புங்கள். சனிக்கிழமை மலையேறவே வேண்டாம். உங்களுக்குப் பிறகு யார் திறப்பார்கள் என்பதை வீட்டிலேயே பேசி முடித்துவிடுங்கள்.

நான் பேசவில்லை. மகள் பெயரை எழுதிவிட்டு வந்து நான்கு நாளாகிறது, இன்னும் அவளிடம் சொல்லவில்லை. யார் படம் என்று கேட்பாள். அந்தக் கிராணியைத் தவிர ஒரு முகமும் எனக்குத் தெரியாது.